வீட்டின் பின்னால் ஒரு கார்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பேருந்து அளவுக்கு ஒரு மோட்டார் ஹோம் போகும். அதன் பின்னால், ஓட்டுநரே இல்லாத ஒரு சிறிய கார் நான்கு சக்கரத்திலும் உருண்டபடி வரும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் இதற்குள் காரின் வரலாறே அடங்கியிருக்கிறது.

1966ல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் ஹோம் தயாரிக்கத் தொடங்கியது. நடமாடும் வீடு பலருக்கும் கிடைத்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. முகாமில் நிறுத்திய பிறகு ரொட்டி வாங்கப் போவதென்றாலும் மொத்த வீட்டையும் கிளப்ப வேண்டும்! அதனால்தான் பின்னால் ஒரு கார்.

சரி, கட்டி இழுத்தால் போதாதா? போதாது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது. அக்கால ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில், சக்கரம் சுழன்றாலே வேலை செய்யும் இரண்டாவது ஆயில் பம்ப் ஒன்று இருந்தது. அதனால் காரைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்யலாம். 1960களில் அந்தப் பம்ப் மெல்ல மறைந்தது. அதன்பின் இன்ஜின் ஓடினால்தான் ஆயில் சுற்றும். இன்ஜினை அணைத்துவிட்டு நெடுந்தூரம் இழுத்தால் கியர்பாக்ஸ் சூடேறிக் கருகிவிடும்.

அடுத்தது ஸ்டியரிங் பூட்டு. திருட்டைத் தடுக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் இதைப் பரவலாக்கியது. 1970 ஜனவரி 1 முதல் அமெரிக்க அரசின் திருட்டுத் தடுப்பு விதியும் அமலானது. திருடனை நிறுத்திய பூட்டு, இழுபடும் காரின் முன்சக்கரங்களையும் திரும்பவிடாமல் நிறுத்தியது!

இதற்கு நேர்மாறு ஜீப். 1941ல் ராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி நியூட்ரல் உண்டு. அதைப் போட்டால் சக்கரம் மட்டும் சுழலும், கியர்பாக்ஸ் சும்மா இருக்கும். அதன் வழிவந்த ராங்லர் இழுவைக்குப் பேர்போனது இதனால்தான்.

ஆகவே புறப்படும் முன் காரின் கையேடு இழுக்க அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டைத் திறந்து, கையேடு சொல்லும் நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளை இழுவைக் கம்பிக்கு அடியில் குறுக்காக மாட்டி, விளக்கு ஒயரை இணைக்க வேண்டும். காருக்குத் தனி பிரேக் ஏற்பாடும் தேவை. இல்லாவிட்டால் முன்வண்டி நிற்கும்போது பின்வண்டி முட்டித் தள்ளும். கொக்கி அறுந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் கம்பியையும் மறக்கக்கூடாது. பின்னால் வரும் குடும்பத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

காரில் ஒவ்வொரு வசதி கூடும்போதும் இந்த ஆயத்தப் பட்டியலில் ஒரு வரி கூடியது என்றே சொல்லலாம்.