சானடோரியத்தின் கட்டிலும் முதுமையின் நடையும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டி குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் இடத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். நாள்தோறும் அங்கே ஏறி இறங்குவோர்க்கு அது வெறும் ஊர்ப்பெயர். 'சானடோரியம் ஒண்ணு குடுங்க' என்று நடத்துநரிடம் சில்லறையை நீட்டுகையில் யாரும் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. நலமாக்கல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஊர்களுக்கு மரத்தின் பெயரும் மன்னன் பெயரும் அமைவது நம் நாட்டில் இயல்பு. ஒரு மருத்துவமுறையே ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது சற்று அரிய செய்திதான். அம்முறை வழக்கொழிந்து பல்லாண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் நிலையப் பலகையில் நிற்கிறது.

டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து 1928-ல் இங்கே காசநோயாளர்க்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய இல்லம் ஒன்றை நடத்திய பட்டறிவு அவருக்கு உண்டு. கணிதமேதை இராமானுஜன் 1917-ல் நோயுற்றபோது சிலகாலம் தங்கியது சவுரிமுத்துவின் அந்த மெண்டிப் இல்லத்தில்தான். திறந்த சாளரங்களும் ஆங்கில நாட்டுக் குளிரும் கும்பகோணத்தாருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தாம்பரத்து இல்லத்தை 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அக்கம்பக்கத்து முதியோர் இன்னும் 'டி.பி. ஆஸ்பத்திரி' என்றே சொல்வர்.

சானடோரியம் என்றவுடன் நம் மனக்கண்ணில் விரிவது தாழ்வாரமும், வரிசையான கட்டில்களும், அவற்றில் அசையாது கிடக்கும் மனிதர்களுமே. தாமஸ் மான் 1924-ல் வெளியிட்ட 'மாய மலை' நாவலைப் படித்தோர், கம்பளியில் சுற்றப்பட்டுச் சாய்வு நாற்காலிகளில் கிடக்கும் அந்த டாவோஸ் நோயாளிகளை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த மரபின் தொடக்கம் கிடத்தல் அன்று, நடத்தல். 1850களில் கோர்பெர்ஸ்டார்ஃப் என்னும் மலையூரில் முதல் சானடோரியத்தைத் தொடங்கிய ஹெர்மன் பிரெமர், காசநோய்க்குக் காரணம் நுரையீரலை விடச் சிறுத்துப்போன இதயமே என்று நம்பினார். இதயத்தை வலுப்படுத்தினால் நோய் தீரும் என்பது அவர் முடிவு. ஆகவே நோயாளிகளைப் படிப்படியாக மலைச்சரிவில் நடக்கச் செய்தார். அவரிடம் நோயாளியாக வந்து பின்னர் உதவியாளராகவும் இருந்த பீட்டர் டெட்வைலர், 1876-ல் ஃபால்கன்ஸ்டைனில் தாமே பொறுப்பேற்றபோது குருவின் கொள்கையைத் தலைகீழாக்கினார். நடை வேண்டா, ஓய்வே மருந்து என்றார். சாய்வு நாற்காலிச் சிகிச்சை அவர் தந்தது.

பிரெமரின் கொள்கை பிழை என்பதில் ஐயமில்லை. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததும் சிறிய இதயக் கதை முடிந்தது. எனினும் கொள்கை வீழ்ந்தபோது அதனுடன் நடையும் வீழ்ந்ததுதான் கேடு. இங்கிலாந்தின் ஃப்ரிம்லியில் மார்க்கஸ் பேட்டர்சன் போன்ற சிலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயாளிகளுக்கு நடையும் கூடைச் சுமையும் மண்வெட்டியுமாகப் படிப்படியான உழைப்பைப் பரிந்துரைத்துப் பார்த்தனர். ஆயினும் காலம் கட்டிலின் பக்கம் சாய்ந்தது. வேறு மருந்தும் இருக்கவில்லை. புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயால் மறைந்தபோது ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. ஐசோனியசிட் வர இன்னும் நான்காண்டுகள் இருந்தன.

அக்கட்டிலைச் சாய்த்த ஆய்வு நம் சென்னையில் நடந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்? 1956-ல் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமையேற்றார். நகரின் ஏழை நோயாளர் ஏறத்தாழ இருநூறு பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மறு பிரிவினர் தம் வீடுகளிலேயே தங்கினர். இரு பிரிவினர்க்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே இரு மருந்துகள், அதே ஓராண்டுக் காலம். சானடோரியத்தாருக்கு நல்லுணவும் செவிலியர் கவனிப்பும் நீண்ட ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் குறைந்த உணவுடன், கூடுதலாக வேலை செய்துகொண்டு வாழ்ந்தனர். 1959-ல் முடிவு வெளியாயிற்று. நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. அவ்வளவே வேறுபாடு. பின்வந்த ஆண்டுகளிலும் நோய் மீண்டும் தலைகாட்டுவதில் வீட்டினர் பின்தங்கவில்லை. நலமாக்கியது மருந்து, கட்டிலுக்கு அதில் பங்கில்லை என்பது தெளிவாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

இதே நாடகம் இதயநோயிலும் அரங்கேறியது. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையாமல் கிடத்துவது அக்கால வழக்கம். தாமாகச் சோறுண்ணவும் விடமாட்டார்கள். கிடந்தவர்களின் கால் சிரைகளில் குருதி உறைந்து, அது நுரையீரலை அடைத்து, மாரடைப்பில் பிழைத்தவர் படுக்கையால் மடிவதும் நிகழ்ந்தது. 1952-ல் பாஸ்டன் மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெறும் நாற்காலிதான்! அதற்கே கடும் எதிர்ப்பு இருந்தது. மறு ஆண்டு லண்டனில் ஜெரி மாரிஸ், மாடிப் பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டார். நாளெல்லாம் படியேறி இறங்கிய நடத்துநர்க்கு, அமர்ந்தே இருந்த ஓட்டுநரைவிட இதயநோய் குறைவு. ஓட்டுநரின் காற்சட்டை இடுப்பளவே பெரிது என்று பின்னர் ஒரு மறுப்பு எழ, அதை எழுப்பியவரும் மாரிஸே என்பது அறிவுலகின் அழகு. இவ்வாய்வைச் சென்னையில் செய்திருந்தால் ஒன்றும் தேறியிருக்காது என்று நமக்குத் தோன்றுகிறது. நம் மாநகரப் பேருந்தில் நடத்துநர் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பார். காசும் சீட்டும்தான் கைமாறிக் கைமாறி நடக்கும். ஒருகாலத்தில் தாம்பரத்துக்கு ஓடிய 18ஏ மாடிப் பேருந்தில் வேண்டுமானால் சோதித்திருக்கலாம்.

இனி முதுமைக்கு வருவோம். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் கட்டிலில் கிடத்தினர். நோயேதும் இல்லாதவர்கள். எழுந்தபோது, உச்ச உழைப்பில் அவர்கள் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பின் எட்டு வாரப் பயிற்சியில் அது மீண்டு முன்னிலும் உயர்ந்தது. முப்பதாண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் தேடிப்பிடித்து மீண்டும் அளந்தார்கள். உடல் பெருத்திருந்தது, வாழ்க்கை அமர்ந்த வாழ்க்கை. ஆயினும் இருபது வயதில் மூன்று வாரக் கட்டில் பறித்த அளவை இடைப்பட்ட முப்பதாண்டுகளும் சேர்ந்து பறிக்கவில்லை. ஆறு மாத நடையும் மிதிவண்டியும் மெல்லோட்டமும் அவர்களை இருபது வயதின் தொடக்க நிலைக்கே கொண்டுவந்தன. ஐவர் என்பது சிறு எண்தான். ஆனால் ஒரே மனிதரை ஒரே அளவுகோலால் முப்பதாண்டு இடைவெளியில் அளந்த ஆய்வுகள் மிகச் சில.

இதில் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்றுண்டு. இளமையில் பயிற்சி தந்த பயன், இதயம் ஒரு துடிப்பில் அதிகக் குருதியை இறைத்ததால் வந்தது. ஐம்பதில் இதயத்தின் உச்ச இறைப்பு உயரவில்லை. தசைகளே குருதியிலிருந்து கூடுதல் ஆக்சிஜனை எடுக்கக் கற்றன. ஆக, வயது செய்வது வேறு, அசையாமை செய்வது வேறு. இதயத்தின் உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் குறைந்துகொண்டே வரும். துடிப்பைத் தொடங்கிவைக்கும் உயிரணுக்கள் அருகுகின்றன. 'விரைந்து ஓடு' என்னும் பரிவு நரம்பின் கட்டளைக்கு இதயம் முன்போல் செவிசாய்ப்பதில்லை. எந்த நடைப்பயிற்சியும் இதை மாற்றுவதில்லை. ஆனால் தமனிகளின் விறைப்பு அத்தகையதன்று. நடுவயது கடந்தவர்கள் மூன்று மாதம் விரைந்து நடந்ததில் அவர்களுடைய கழுத்துத் தமனியின் நெகிழ்ச்சி கூடியதை 2000-ல் ஓர் ஆய்வு காட்டியது. உட்கார்ந்தெழும்போது தலைசுற்றாமல் குருதியழுத்தத்தைச் சீர்செய்யும் நரம்பு வினையும் பயிற்சியால் கூர்மை பெறுகிறது. மூளையும் விலக்கன்று. முதியோர் 120 பேரை வைத்து 2011-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு நடந்தவர்களுக்கு நினைவுக்குரிய மூளைப்பகுதி ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு பெருத்தது, நடவாதோர்க்குச் சுருங்கிற்று.

காலம் தாழ்த்தலாகாது என்பதற்கும் சான்றுண்டு. அறுபத்தைந்தைக் கடந்தபின் தொடங்கி ஓராண்டு முயன்றவர்களின் விறைத்த இதயத் தசை நெகிழவில்லை. நடுவயதில் தொடங்கி ஈராண்டு தொடர்ந்தவர்க்கு நெகிழ்ந்தது என்று 2018-ல் டல்லாஸிலிருந்தே செய்தி வந்தது. பிந்தித் தொடங்குவோர்க்குப் பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி தந்து, அவர்தம் கால்வலிமை இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியதை மரியா ஃபியடரோன் 1990-லேயே காட்டினார். இதயத் தசைக்குக் கதவு சற்று முன்பாகச் சாத்தப்படுகிறது, கால் தசைக்குத் திறந்தே இருக்கிறது என்று கொள்ளலாம்.

நம் புறநகர் வீடுகளில் நாம் காணும் அன்பு பெரும்பாலும் டெட்வைலரின் அன்பு. 'வயசாயிடுச்சுப்பா, நீங்க உக்காருங்க, நான் பார்த்துக்கறேன்' என்று கடைக்குப் போகும் பையை அப்பாவின் கையிலிருந்து பிடுங்குகிறோம். அம்மா தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் பதறுகிறோம். பிறகு ஓராண்டில் அவர்கள் தளர்ந்ததைக் கண்டு 'வயசு' என்கிறோம். அதில் எவ்வளவு வயதின் வேலை, எவ்வளவு நாம் போட்டுக்கொடுத்த நாற்காலியின் வேலை என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இதயத்தையும் நரம்பையும் ஆள்வதுபற்றி நம்மிடையே ஒரு பழைய பெருமிதமும் உண்டு. அதன் கதையும் சென்னையோடு தொடர்புடையதே. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888-ல் பிறந்தவர். 1935-ல் தெரேஸ் பிரோஸ் என்னும் பிரெஞ்சு இதய மருத்துவர் இந்தியா வந்து அவரை ஆராய்ந்து, யோகிகள் இதயத்தைத் தம் விருப்பப்படி அடக்கவல்லவர் என்று எழுதினார். கிருஷ்ணமாச்சாரியார் 1952 முதல் சென்னைவாசி. எழுபதை நெருங்கிய அவரையும் வேறு சிலரையும் வெங்கர், பாக்ச்சி, ஆனந்த் ஆகிய மூவர் மீண்டும் ஆராய்ந்து 1961-ல் எழுதினர். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் குருதி தடைப்பட்டது, நாடியும் ஒலியும் மங்கின, இதயம் நிற்கவில்லை. ஆய்வுக்கு உட்பட்டோருள் வேறொருவர் மட்டும் தம் துடிப்பை உண்மையிலேயே வெகுவாகக் குறைத்துக் காட்டினார். இம்முடிவால் யோகத்துக்கு இழுக்கு நேர்ந்ததாக நாம் கருதவில்லை. தானியங்கும் என்று கருதப்பட்ட நரம்பு மண்டலத்தை நம் கைவசமுள்ள மூச்சின் வழியே அணுகலாம் என்பதே பெரிய செய்தி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்னும் மெல்லிய கதியில் குருதியழுத்தத்தைக் காக்கும் நரம்பு வினை வலுப்பெறுவதை 2001-ல் இத்தாலிய ஆய்வொன்று கண்டது. கிறித்தவ செபமாலையும் திபெத்திய மந்திரமும் அதே கதியை எட்டினவாம்.

கிருஷ்ணமாச்சாரியார் தம் 96-ஆம் வயதில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அந்த வயதில் அம்முறிவு பெரும்பாலோர்க்கு இறுதிக் கட்டில். அவர் அறுவைச் சிகிச்சையை மறுத்துவிட்டு, படுத்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார். 1989 பிப்ரவரியில் காலமானபோது அவருக்கு நூறு வயது நிறைந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.