ஆற்றில் குளிக்கும் தோல்

ஸ்ரீமதுரையை ஒட்டிய முதுமலைக் காட்டில், தெப்பக்காடு முகாம் யானைகள் ஒரு காலத்தில் வெட்டுமரம் இழுத்தன. 1940இல் முதுமலை சரணாலயமானது. மரவேலையும் பின்னாளில் நின்றது. மாயாற்றுக் குளியல் மட்டும் நிற்கவில்லை. அதை வெறும் சுத்தம் என்றோ, பார்வையாளர்களுக்கான காட்சி என்றோ கருதுவது தவறு. மனிதத் தோலில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உடலைக் குளிர்விக்கும் நீர் உள்ளிருந்தே வருகிறது. யானைக்கோ நகங்களை ஒட்டிய இடம் தவிர வியர்வை இல்லை. காது மடல்களை வீசி ஓரளவு வெப்பத்தை வெளியேற்றும். மற்றபடி நீர் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். தோலின் சுருக்கங்கள் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல ஆவியாக விடுகின்றன. ஆப்பிரிக்க யானையின் வெடிப்புத் தோல், சமதளமான தோலைவிட ஐந்து முதல் பத்து மடங்கு நீரைத் தாங்குவதாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆசிய யானைக்கு வெடிப்பு குறைவு. ஆகவே அதற்கு ஆறு இன்னும் அவசியம் என்பேன்.

காட்டு யானையை யாரும் தேய்த்துக் குளிப்பாட்டுவதில்லையே எனலாம். உண்மைதான், அது சேற்றைப் பூசி, மரத்தில் உரசித் தன் தோலைத் தானே காக்கிறது. ஆனால் கயிறும் சங்கிலியும் பூட்டிய உடலில், அவற்றின் அடியில் சிக்கும் மண் தோலை அராவிப் புண்ணாக்கும். பாகன் தேய்த்துக் கழுவும்போதுதான் அந்தப் புண் முதலில் கண்ணில் படும். அப்படிக் கழுவுவது கட்டிவைத்தவர்களின் கடமை. கோயில் முற்றத்தில் குழாய் நீரோடு நிறுத்திக்கொள்பவர்களும் தங்கள் யானைக்கு முங்கிக் குளிக்க நீர்நிலை தர வேண்டும்.