எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் ஐந்து மைல் தூரமும்

ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், மாசிலாமணீஸ்வரர் கோயில் பக்கம் மாலையில் கூடும் எங்கள் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் தொடங்கும். எந்தப் பள்ளி நல்ல பள்ளி? நூற்றுக்கு நூறு தேர்ச்சி யாருக்கு? அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியாரா? எல்லோரும் சதவீதம் சொல்வார்கள். நான் அதிகம் பேசுவதில்லை. பள்ளிகளை ஒப்பிட்டு ஒருமுறை நான் பட்ட வெட்கம் அப்படி.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே வகுப்புக் கணக்கே தலைகீழ். உயர்நிலைப் படிப்பு ‘ஆறாவதில்’ தொடங்கும். பிறகு ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது என்று இறங்கிக்கொண்டே போகும். மூன்றாவதின் முடிவில் ‘பிரெவே’ பரீட்சை. மதிப்பெண் இருபதுக்குத்தான், பத்து வாங்கினால் பாஸ். பதினான்கு வாங்கிய நாளில் வீட்டில் பாயசம் வைத்தார்கள். 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே, கலவை சுப்பராய செட்டியார் பெயரில் உள்ள கலவை கல்லூரி என்று அந்த ஊருக்குப் பழம்பெருமை கொண்ட பள்ளிகள் உண்டு. அந்தப் பெருமையில் கொஞ்சம் எங்கள் தலையிலும் ஏறியிருந்தது.

இந்தப் பக்கம், சென்னை ராஜதானியில், 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. பதினோரு வருடப் படிப்பு. அதற்கு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், மதிப்பெண், தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அரசு உத்தியோகத்தில் பிறந்த தேதிக்கு அதுதான் வேதம். எழுத்தராகச் சேர்ந்த பிறகு புதிதாக வருபவர்களுக்குப் பணிப்பதிவேடு திறப்பது என் வேலையானது. ஆகவே பல ஊர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்கள் என் கைக்கு வந்தன. பள்ளிகளை நான் ஒப்பிடக் கற்றுக்கொண்டது அந்த மேஜையில்தான்.

நம் பகுதி அப்போது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். ரயில் பாதையை ஒட்டியே பள்ளிகளில் பல வகை இருந்தன. அம்பத்தூர் சர் இராமசாமி முதலியார் பள்ளி போல, நிர்வாகத்தினர் நடத்தி அரசு மானியம் பெறுபவை ஒரு வகை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று வந்தவை இன்னொரு வகை. இவற்றைத் தாண்டி ஊத்துக்கோட்டை, பொன்னேரி, திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் ஜில்லா போர்டு பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும்தான். ஆய்வுக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரு பூட்டிய அலமாரி.

வயதில் மூத்தவர்களின் பதிவேடுகளில் பட்டணத்துப் பள்ளிகள், மிஷன் பள்ளிகள், தாலுகா தலைநகரப் பள்ளிகள் இவைதான் திரும்பத் திரும்ப வரும். எழுபதுகளில் சேர்ந்த பிள்ளைகளின் புத்தகங்களிலோ நான் கேள்விப்படாத ஊர்ப் பெயர்கள். இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஒரு கணக்கு வைத்தார்கள்: ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி. பசியோடு வரும் பிள்ளைக்கு மதிய உணவு. ஊர்க்காரர்களே நாற்காலி, மேஜை, கரும்பலகை, கடிகாரம், நிலம் என்று பள்ளிக்குக் கொடுத்த பள்ளிச் சீரமைப்பு இயக்கம் 1958-இல் முதலில் நடந்தது நம் பாதையிலேயே உள்ள கடம்பத்தூரில். இன்று அந்த ஸ்டேஷனைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அறுபதுகளில் பள்ளிச் சம்பளமும் படிப்படியாக ஒழிந்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைக்க வைத்தது ஒரு பெண். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தட்டச்சராக வந்தது. புத்தகத்தைத் திறந்தேன், ஆங்கிலத்தில் பாஸ் மார்க்கை ஒட்டிய எண். “என்னம்மா, உங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியாரே இல்லையா?” என்று நாலு பேர் முன்னால் சிரித்தேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. “ரெண்டு வருஷம் இல்லைங்க சார். நான் எட்டாவது முடிச்ச வருஷம்தான் எங்க ஸ்கூலை ஹைஸ்கூல் ஆக்குனாங்க. அது வரலைன்னா எட்டாவதோட நிறுத்தியிருப்பாங்க. எங்க ஊர்ல எஸ்.எஸ்.எல்.சி. எழுதின மொதப் பொண்ணு நான்தான்” என்றது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பள்ளியில் ஆசிரியர் குறைவில்லை, நூலகம் உண்டு, மரத்தடியில் உட்கார்ந்து படித்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட பள்ளிகள் இருந்தது பட்டணத்துக்குள். வயல்வேலை செய்யும் குடும்பத்துப் பெண் பிள்ளை எட்டாவது முடித்துவிட்டு நடந்து வந்து சேரக்கூடிய தூரத்தில் அவை இருக்கவில்லை. என் பள்ளி எனக்கு நிறையக் கொடுத்தது உண்மை. அந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குக் கொஞ்சம்தான் கொடுத்தது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை வேறு யாரும் அவளுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். இரண்டே வருடத்தில் ஆங்கிலக் கடிதங்களை அவளே எழுதினாள். நான் கையெழுத்துக்கு அனுப்பிவைத்ததோடு சரி.

குறையில்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு வருடம் ஆங்கில வாத்தியார் இல்லாதது குறைதான். அந்தக் குறையைப் பிள்ளைதான் சுமந்தது. கதவைத் திறந்தவர்கள் உள்ளே விளக்கையும் ஏற்றியிருக்க வேண்டும். 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபோதும் கிராமங்களில் இதே குறையைக் கேட்டோம். 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்க வேண்டி வந்ததே, அந்தக் குறை இன்னும் தீரவில்லை என்பதற்குச் சாட்சி.

ஆனாலும் சதவீதத்தை மட்டும் வைத்துப் பள்ளிகளை எடை போடாதீர்கள். பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் பள்ளியும், வந்த பிள்ளையை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் ஒரே தராசில் நிற்காது. ‘இந்தப் பள்ளி இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை எங்கே போயிருக்கும்?’ என்றும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பீரோவில் எங்காவது இருக்கும். எடுத்துப் பாருங்கள். மார்க்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் பள்ளியின் பெயரைப் படித்துவிட்டு, எத்தனை மைல் நடந்தீர்கள் என்று பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.