தாமிரபரணித் தண்ணீரும் பன்னீர் சோடாவும்



2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய பிள்ளைகள் தண்ணீரைப் பற்றியும் பேசினார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் பெப்சி, கோக் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் 1000 லிட்டர் 37 ரூபாய் 50 காசு. லிட்டருக்கு நாலு காசுகூட ஆகவில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள்! கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய்.

வெள்ளையன், விக்கிரமராஜா தலைமையிலான வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் அந்தக் குளிர்பானங்களை விற்பதில்லை என்றன. மறுநாளே, தண்ணீர் வழங்க இருந்த தடையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீக்கியது. ஆனாலும் கிரிவலப் பாதையில் என் பழைய மாணவன் கடையில் அந்தப் பௌர்ணமிக்குப் பன்னீர் சோடாதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கோடையில் பழைய பாட்டில்கள் திரும்பி வந்திருந்தன. "என்னப்பா இது?" என்றேன்.

"பிள்ளைங்க அதைத்தான் கேக்குறாங்க சார்."