துள்ளலை அடக்கிய திருகு: ஷாக் அப்சார்பரின் நூறு வருஷக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இருந்து ஆரம்பிக்கிறேன். இடம் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சி பக்கம், கல்வராயன் மலையோட அடிவாரம். அங்க என் மாமா வீடு. சென்னையில இருந்து நண்பனோட பைக்கை இரவல் வாங்கிட்டுப் போயிருந்தேன். திட்டம் சிம்பிள்: கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்படியே மேல ஏறி வெள்ளிமலை.

அந்த பைக்கோட பின் ஷாக் அப்சார்பர்ல ஒரு சின்னத் திருகு இருக்கு. திருப்பினா 'டிக் டிக்'னு சத்தம் வரும். ரேஸ் வண்டியில எல்லாம் இறுக்கித்தானே வைப்பாங்கன்னு நினைச்சு, கடைசி வரைக்கும் இறுக்கிட்டேன். மலை ஏறும்போது ஒரு வளைவுல வரிசையா நாலஞ்சு சின்னப் பள்ளம். பின்சக்கரம் தத்தித் தத்தி ஒரு அடி வெளியே போய் விழுந்துச்சு. எதிர்ல பஸ் எதுவும் வரலை. அதனாலதான் இன்னைக்கு மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா கேட்டது ஒரே கேள்வி: "ஏன் மாப்ள, நீ வண்டியை இறுக்கிட்டா ரோடு நேராயிடுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க மோட்டார் உலகத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு. அந்தக் கதைதான் இந்த எபிசோட்.

பெயரிலேயே ஒரு தப்பு

'ஷாக் அப்சார்பர்'ங்கிற பெயரே கொஞ்சம் ஏமாத்து வேலை. அதிர்ச்சியை முதல்ல வாங்கிக்கிறது ஸ்பிரிங். ஆனா ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம்: வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துடும். அமுக்கினா எகிறும், எகிறினா மறுபடி அமுங்கும். சக்கரமும் கூடவே ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக் அப்சார்பரோட உண்மையான வேலை. பிரிட்டிஷ்காரங்க அதை 'டேம்பர்'னு சொல்றாங்க. அதுதான் சரியான பெயர்.

குதிரை வண்டிக் காலத்துல இது பெரிய பிரச்சனையா இல்ல. பட்டை பட்டையா அடுக்கின வில் ஸ்பிரிங்குல, பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு உரசுறதே ஆட்டத்தைக் குறைச்சது. மோட்டார் வண்டி வந்து வேகம் ஏறினதும் அந்த உரசல் போதலை. வண்டி பள்ளத்துல இறங்கினா, அடுத்த பள்ளம் வர்ற வரைக்கும் துள்ளிக்கிட்டே போச்சு.

ஒரு நட்டு, ரெண்டு கை

இருபதாம் நூற்றாண்டு பிறக்கிற சமயத்துல பிரான்ஸ்ல த்ரூஃபோ என்பவர் ஒரு தீர்வு கொண்டு வந்தார். கத்தரிக்கோல் மாதிரி ரெண்டு கைகள், அவை சேர்ற இடத்துல உரசுற தகடுகள். சக்கரம் மேலயும் கீழயும் போகும்போது தகடுகள் உரசி, துள்ளலை வெப்பமா மாத்திடும். அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் இதை எடுத்துட்டுப் போய்த் தொழிலாக்கினார்.

இதுல நமக்கு முக்கியமானது நடுவுல இருக்கிற நட்டு. அதை இறுக்கினா உரசல் கூடும், தளர்த்தினா குறையும். அதாவது, டேம்பர் பிறந்தப்பவே 'அட்ஜஸ்டபிள்' ஆகத்தான் பிறந்தது. ரேஸ் ஓட்டுனவங்க அந்த நட்டை உடனே பிடிச்சுக்கிட்டாங்க. 1930-களில் 'டெலிகன்ட்ரோல்'னு ஒரு வகையே வந்துச்சு: டிரைவர் சீட்ல உட்கார்ந்தபடியே இறுக்கத்தை மாத்தலாம்.

ஆனா உரசலுக்கு ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. அசையத் தொடங்கும்போதுதான் அது அதிகமா பிடிக்கும், அசைஞ்சதும் விட்டுடும். சின்ன மேட்டுக்கு விறைப்பா நிக்கும், பெரிய பள்ளத்துல கைவிட்டுடும். நமக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிர்.

எண்ணெய் உள்ளே வந்த கதை

அந்த நேர் எதிரைக் கொடுத்தது எண்ணெய். ஊசி போடும்போது சிரிஞ்சை மெதுவா அமுக்கினா சுலபமா போகும். வேகமா அமுக்கினா எதிர்க்கும். அதே தத்துவம்தான். பிரான்ஸ்ல மோரீஸ் ஊதாய் சுழலும் வகை ஆயில் டேம்பரைச் செஞ்சார். 1920-களின் கடைசியில ஃபோர்டு 'மாடல் ஏ' கார் அந்த வகையைப் போட்டுக்கிட்டு வந்தது. பைக் பக்கம், 1935-ல் பி.எம்.டபிள்யூ 'ஆர் 12' ஆயில் டேம்பிங் உள்ள டெலஸ்கோபிக் ஃபோர்க்கோட வந்தது. இன்னைக்கு நம்ம தெருவுல நிக்கிற பெரும்பாலான பைக்குகளோட முன்பக்கம் அந்த வம்சம்தான்.

பின்பக்கத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு. 1940-களில் நிறைய பைக்குகளுக்குப் பின்னாடி சஸ்பென்ஷனே கிடையாது. சீட்டுக்குக் கீழ மட்டும் ஸ்பிரிங். கரடுமுரடான போட்டிகள்ல பின்சக்கரம் விறைப்பா இருந்தாத்தான் பிடி கிடைக்கும்னு அனுபவசாலிகளே நம்பினாங்க. காலைல நான் மலையில நம்பின அதே நம்பிக்கை.

அதை உடைச்ச வண்டிகள்ல ஒண்ணு நமக்கு நல்லாத் தெரிஞ்சது: ராயல் என்ஃபீல்டு புல்லட். ஸ்விங் ஆர்ம், ரெண்டு ஆயில் டேம்பர்களோட 1948-ல் இத்தாலியில நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில இறங்குச்சு. புல்லட் ஓட்டின ரெண்டு பேர் தங்கப் பதக்கம் வாங்கினாங்க. கோப்பை ஜெயிச்ச பிரிட்டிஷ் அணியிலயும் அவங்க இருந்தாங்க. மேடுபள்ளத்துல பின்சக்கரம் மேலயும் கீழயும் போனாத்தான் தரையை விடாம பிடிக்கும்னு நிரூபணம் ஆச்சு. 1955-ல் மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர்ல உருவானது இந்த புல்லட்தான்.

இங்கதான் மாமாவோட கேள்விக்குப் பாதிப் பதில். டேம்பர் இருக்கிறது நம்ம முதுகுக்காக மட்டும் இல்ல. டயர் தரையை விடாம இருக்கிறதுக்காக. டயர் காத்துல இருக்கிற நேரத்துல பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது.

திருகுக்குள்ள என்ன நடக்குது?

ஆயில் டேம்பர்ல இறுக்கத்தை மாத்துறது எப்படி? ஹாலந்தோட கோனி கம்பெனி இதுக்குப் பேர் போனது. 1857-ல் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கின நிறுவனம் அது! அவங்களோட பழைய மாடல்ல டேம்பரைக் கழட்டி, முழுசா அமுக்கி, அப்படியே திருப்பணும். தேய்மானத்தால தளர்ந்தா மறுபடி இறுக்கிக்கலாம். வண்டி ஓடும்போது மாத்துற பேச்சே இல்ல.

இப்போ நாம பார்க்கிற 'டிக் டிக்' திருகு வேற மாதிரி. பிஸ்டன்ல எண்ணெய் போறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, மெல்லிய எஃகு வட்டத்தகடுகள் மூடியிருக்கிற பெரிய வழி. அழுத்தம் பலமா வந்தா தகடு வளைஞ்சு திறக்கும். இன்னொண்ணு, எப்பவும் திறந்திருக்கிற சின்னத் துளை. திருகோட முனையில இருக்கிற ஊசி அந்தத் துளையை மூடும், திறக்கும். அவ்வளவுதான்.

மூணு விஷயத்தைக் குழப்பிக்கக் கூடாது:

பிரீலோடு: ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கிறோம். ஆள் எடை, லக்கேஜ், பின்னாடி உட்காரும் நபர், இதுக்கெல்லாம் இது. டேம்பிங்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சாதாரண பைக்ல மெக்கானிக் ஸ்பானர் போட்டுத் திருப்புறது இதைத்தான்.

கம்ப்ரஷன்: சக்கரம் மேல வரும்போது எண்ணெய் காட்டுற எதிர்ப்பு.

ரீபவுண்டு: அமுங்கின ஸ்பிரிங் திரும்ப நீளும்போது காட்டுற எதிர்ப்பு.

நான் இறுக்கினது ரீபவுண்டை. முதல் பள்ளத்துல அமுங்கின ஷாக், பழைய நிலைக்குத் திரும்புறதுக்குள்ள ரெண்டாவது பள்ளம் வந்துடுச்சு. அது இன்னும் அமுக்கிச்சு. மூணாவது, நாலாவது... கடைசியில அமுங்குறதுக்கு இடமே பாக்கி இல்ல. சக்கரம் கட்டை மாதிரி ஆகித் தத்துச்சு. இறுக்கினா பிடி கூடும்னு நினைச்சேன், பிடியே போச்சு.

கூழான எண்ணெய்

ரேஸ்ல இன்னொரு எதிரி வெப்பம். டேம்பர் துள்ளலை வெப்பமாத்தான் மாத்துது. எண்ணெய் சூடாகி, காத்தோட கலந்து நுரைச்சா எதிர்ப்பே இருக்காது. பிரெஞ்சு எஞ்சினியர் தெ கார்போன் ஒரு வழி சொன்னார்: ஒரே குழாய், அதுக்குள்ள மிதக்கும் பிஸ்டன், ஒரு பக்கம் எண்ணெய், இன்னொரு பக்கம் அதிக அழுத்தத்துல நைட்ரஜன். அழுத்தத்துல இருக்கிற எண்ணெய் சுலபமா நுரைக்காது. 1950-களில் ஜெர்மனியோட பில்ஸ்டைன் அந்த உரிமையை வாங்கிச்சு.

பெரிய பாய்ச்சல் மோட்டோகிராஸ்ல நடந்தது. பெல்ஜியத்தோட லூசியன் டில்கென்ஸ் யோசனையில யமஹா ஒரே பின் ஷாக் உள்ள வண்டியைச் செய்ய, 1973-ல் ஹாக்கன் ஆண்டர்சன் அதுல 250 சிசி உலகப் பட்டம் ஜெயிச்சார். மூணு வருஷம் கழிச்சு, மோட்டோகிராஸ் ஓட்டுன ஸ்வீடன்காரர் கென்ட் ஓலின் தன் பெயர்லயே கம்பெனி தொடங்கினார். 1978-லேயே சோவியத் வீரர் கென்னடி மொய்சேவ் ஓலின்ஸ் ஷாக்கோட உலகப் பட்டம் வாங்கிட்டார். இன்னைக்கு மெக்கானிக் கடையில 'ஓலின்ஸ்'னு சொன்னா எல்லாரும் திரும்பிப் பார்க்கிறதுக்கு ஆரம்பம் அங்கதான்.

ஃபார்முலா ஒன்ல மனுஷன் திருப்புற திருகையே தூக்கிட்டு கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்தாங்க. ஆக்டிவ் சஸ்பென்ஷனோட வில்லியம்ஸ் காரை ஓட்டி, 1992-ல் 16 பந்தயத்துல 9-ஐ ஜெயிச்சார் நைஜல் மேன்செல். 1994-ல் அதைத் தடை பண்ணிட்டாங்க.

சோழவரத்துல இருந்து வெள்ளிமலைக்கு

நம்ம ஊர்ல? சென்னைக்கு வடக்கே சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துலதான் பல வருஷம் ரேஸ் நடந்துச்சு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது: சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. வளைவு கூடினா எஞ்சின் மட்டும் போதாது. சஸ்பென்ஷன் செட்டிங் தெரிஞ்சவருக்கு மதிப்பு கூடும்.

1982-ல் தொடங்கின டி.வி.எஸ் ரேசிங் 2015-ல் ஷெர்கோவோட சேர்ந்து டக்கார் ராலிக்குப் போச்சு. மணல்மேட்டுல இருந்து குதிச்சு இறங்கி, நாள் முழுக்க ஓடுற போட்டி அது. 2024-ல் கேரளாவைச் சேர்ந்த ஹரித் நோவா அந்த அணியில ஓட்டி 'ராலி 2' பிரிவுல முதலிடம் பிடிச்சார். 2021-ல் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு பிரீலோடு, கம்ப்ரஷன், ரீபவுண்டு மூணையும் மாத்தக்கூடிய கிட் வந்தது. ரேஸ்காரங்க கையில மட்டும் இருந்த திருகு, ஓசூர்ல தயாரான ரோடு பைக்குக்கு வந்துடுச்சு.

அதனாலதான் இந்தக் கதையை இப்போ சொல்றேன். திருகு நம்ம கைக்கு வந்துடுச்சு. அதைப் பத்தின அறிவும் கூட வரணும்.

ரேஸ் மெக்கானிக்குகள் செய்றது ரொம்ப எளிமையான ஒழுங்கு. முதல்ல இறுக்கும் பக்கம் முழுசா, மெதுவா திருப்பி மூடணும். அங்கிருந்து வெளியே வந்து எத்தனை 'டிக்' தள்ளி இருக்குன்னு எண்ணி எழுதி வைக்கணும். மேனுவல்ல சொன்ன அளவுல தொடங்கணும். ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும், அதுவும் ஒண்ணு ரெண்டு டிக் மட்டும் மாத்தி, அதே ரோட்டுல ஓட்டிப் பார்க்கணும். ஷாக்ல எண்ணெய் கசிஞ்சா, எந்தத் திருகும் உதவாது, கடைக்குத்தான் போகணும்.

அன்னைக்கு சாயங்காலம் மாமா வீட்டு வாசல்ல உட்கார்ந்து மேனுவலைப் பார்த்து எல்லாத்தையும் பழையபடி வெச்சேன். மறுநாள் காலையில அதே மலை, அதே வளைவு, அதே நாலஞ்சு பள்ளம். பின்சக்கரம் ஒவ்வொண்ணுலயும் இறங்கி, ஏறி, ரோட்டை விடாம வந்துச்சு.

இறுக்கினா ரோடு நேராகாது, மாமா. ரோடு எப்படி இருக்கோ, அதோட ஒட்டிப் போகத்தான் வண்டியைப் பழக்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க.