கொம்பு ஏன் இடம் மாறியது? ஒரு டிஎல்எல் கோப்பின் கதை

2000-களின் தொடக்கத்தில் ஊரை விட்டு வந்து, வீட்டில் கம்ப்யூட்டரும் வைத்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஊரிலிருந்து யுனிகோடில் வந்த மெயில் அலுவலகத்தில் ஒழுங்காகத் தெரியும். வீட்டில் திறந்தால் 'கெ' என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கோயில்' என்று எழுதியிருந்தால் அடையாளமே தெரியாது. எழுத்துருதான் சரியில்லை என்று ஆளாளுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். பல சமயம் குற்றவாளி வேறு ஆள்: யுஎஸ்பி10.டிஎல்எல் என்ற ஒரு கோப்பு.

டிஎல்எல் என்றால் பல மென்பொருட்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு. நான் காமர்ஸ் படித்த வங்கிக்காரன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கிளையில் ஒரு வாடிக்கையாளருக்கு மாதிரிக் கையெழுத்து அட்டை ஒன்றுதான். எல்லா கவுண்டரும் அதைத்தான் பார்க்கும். யாரோ புதிய அட்டையை எடுத்துவிட்டுப் பழையதைச் செருகிவிட்டால் அவர் வேலை நடந்துவிடும். பக்கத்து கவுண்டரில் நல்ல செக் திரும்பிப் போகும்!

இப்படிப் பொதுவில் வைத்ததற்குக் காரணம் சிக்கனம். 1985-இல் வந்த முதல் விண்டோஸுக்கு 256 கிலோபைட் நினைவகம் இருந்தால் போதும் என்றார்கள். அந்தச் சின்ன இடத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிப் பிரதி வைத்துக்கொள்ள முடியுமா? எல்லாவற்றையும் சிஸ்டம் கோப்புறையில் ஒரே இடத்தில் வைத்தார்கள்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் சிக்கல் முற்றியது. புது மென்பொருளை நிறுவும்போது, ஏற்கெனவே இருக்கும் கோப்பின் பதிப்பு எண்ணைப் பார்த்து, புதியது இருந்தால் அதைத் தொடாமல் விட வேண்டும் என்பது விதி. எல்லோரும் விதியைப் பின்பற்றவில்லை. பழைய பிரதி புதியதன் மேல் ஏறியது. நேற்று வரை ஓடிய கணக்கு மென்பொருள் இன்று திறக்காது. சில சமயம் புதிய பதிப்பு வந்ததாலேயே பழைய மென்பொருள் படுத்துவிடும். ஒன்றை நீக்கும்போது பொதுக் கோப்பும் சேர்ந்து போய், வேறொன்று நின்றுவிடும். இதற்கு 'டிஎல்எல் ஹெல்' என்றே பெயர் வைத்தார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். யுனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டு வருவதும், 'கோ' என்றால் கொம்பையும் காலையும் இரு பக்கம் பிரித்து வைப்பதும் யுஎஸ்பி10-இன் வேலை. இந்தக் கோப்பு 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-உடன் வந்தது. தமிழை நேரடியாக ஆதரித்த முதல் விண்டோஸ், 2000-ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000. லதா எழுத்துருவும் அதனுடன் வந்ததுதான். 98 வைத்திருந்தவர்களிடம் இருந்தது எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்தே தமிழின் தலையெழுத்து அமைந்தது.

நான் வேலை பார்க்கும் மட்டாஞ்சேரி மாதிரி ஊரில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. இங்கே வீட்டில் தமிழ், பிள்ளைகளுக்குப் பள்ளியில் மலையாளம். விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தபோது அதில் தமிழ் இருந்தது, மலையாளம் இல்லை. 2004-இல் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கில்தான் கார்த்திகா எழுத்துருவோடு மலையாளம் சேர்ந்தது. அதுவரை ஒரே கம்ப்யூட்டரில் அம்மா எழுதிய கடிதம் சரியாக வரும், பிள்ளையின் மலையாளப் பாடம் உடைந்து வரும். இதில் ஆபீஸ் 2003 தனக்கென்று யுஎஸ்பி10-இன் தனிப் பிரதி வைத்திருந்தது. அதனால் வேர்டில் ஒரு மாதிரி, நோட்பேடில் ஒரு மாதிரி தெரிவதும் உண்டு. புதிய கோப்பைச் சிஸ்டம் கோப்புறையில் கொண்டுபோய் வைத்தாலும், 2000 முதல் வந்த கோப்புப் பாதுகாப்பு வசதி பழையதை மறுபடி அங்கே வைத்துவிடும். பொதுச் சொத்தைக் காப்பாற்ற வந்த காவலாளி, புதிய சாவியோடு வந்த வீட்டுக்காரரையும் திருப்பி அனுப்பிவிட்டார் :)

தீர்வு எப்படி வந்தது? எக்ஸ்பியில் ஒரே கோப்பின் பல பதிப்புகளை அருகருகே வைக்கவும், எந்த மென்பொருளுக்கு எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். டிஸ்க் விலை குறைந்தபின் இடத்தைப் பற்றிய கவலையும் போயிற்று. இன்று குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலைத் தங்களோடே கொண்டு வருகின்றன. கொம்பை இடம் பார்த்து வைக்க விண்டோஸை எதிர்பார்ப்பதில்லை. கூட்டுக் குடும்பம் தனிக் குடித்தனம் ஆன கதைதான். செலவு கூடியது, சண்டை குறைந்தது.

வீட்டில் பழைய கம்ப்யூட்டரோ சிடியோ வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயம். ஏதோ ஒரு டிஎல்எல் இல்லை என்று செய்தி வந்தால், கண்ட தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் இறக்காதீர்கள். வைரஸும் சேர்ந்து வரலாம். மென்பொருளைத் தயாரித்தவர்கள் தரும் முழுத் தொகுப்பையே நிறுவுங்கள். மாற்றும் முன் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் பதிப்பு எண்ணைப் பார்த்துக் குறித்து வையுங்கள். பழைய மென்பொருளுக்குப் பழைய பதிப்புதான் வேண்டுமென்றால் அதன் சொந்தக் கோப்புறையில் வையுங்கள், சிஸ்டத்தில் வேண்டாம். பெரும்பாலும் அது முதலில் தேடுவது அங்கேதான்.

இன்னொன்று. அன்று கொம்பு மாறித் தெரிந்த அந்த யுனிகோடு மெயில்கள் எங்காவது கிடந்தால் அழித்துவிடாதீர்கள். உள்ளே எழுத்து சரியாகத்தான் இருந்தது, காட்டிய கோப்புதான் பழசு. இன்றைய கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், அப்பா எழுதியது அப்படியே தெரியும்.