கணக்குப் படம்: ஒரு சின்னச் சதுரத்தின் வரலாறு

கணினிக் கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் சிறிய படத்துக்கு இரண்டு பூர்வீகங்கள் உண்டு. ஒன்று, கணக்குக்கு உரியவரை மற்றவர்களுக்குக் காட்ட வந்தது. இன்னொன்று, பலர் புழங்கும் ஒரே கணினியில் அவரவர் வாசலை அவரவர் கண்டுகொள்ள வந்தது. இரண்டும் தனித்தனியே வளர்ந்து, 2012-இல்தான் ஒன்றாகக் கலந்தன.

கணக்கு என்ற ஏற்பாடு படத்தைவிட மிகப் பழையது. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பைச் செய்து காட்டியது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்காதிருக்க ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. பின்னர் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தில் பயனரின் முழுப்பெயர், அறை எண், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிவைக்க இடம் இருந்தது. படத்துக்கு இடம் இல்லை. எழுத்து மட்டுமே தெரிந்த திரையில் அதற்கு வழியும் இல்லை.

முகம் முதலில் வந்தது அஞ்சல் வழியாக. பெல் ஆய்வகத்தில் ராப் பைக், டேவிட் பிரெசோட்டோ இருவரும் 1985-இல் விவரித்த ஏற்பாட்டில், மின்னஞ்சல் வந்ததும் அனுப்பியவரின் முகம் திரையில் தோன்றியது. படம் 48 புள்ளி அகலம், 48 புள்ளி உயரம். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. மொத்தம் 2,304 புள்ளிகள், அதாவது 288 பைட். இந்தக் கட்டுரையின் ஒரே ஒரு வரியைத் தமிழ் யூனிகோடில் சேமித்தால் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் பிடிக்கும். அந்தச் சிறு இடத்துக்குள் ஒருவரை அடையாளம் காண முடிந்தது என்பதே இந்த வரலாற்றின் ஆதாரமான கண்டுபிடிப்பு. முகத்தை அறிய மனிதக் கண்ணுக்கு மிகக் குறைந்த தகவலே போதும்.

இரண்டாவது பூர்வீகம் வீட்டுக் கணினியைச் சேர்ந்தது. 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, கணினியைத் திறந்ததும் ஒரு வரவேற்புத் திரையைக் காட்டியது. அதில் ஒவ்வொரு கணக்கின் பெயருக்கும் முன்னால் ஒரு சதுரப் படம் இருந்தது. ரப்பர் வாத்து, சதுரங்கக் காய்கள், கிதார், தவளை, பட்டாம்பூச்சி, கால்பந்து எனத் தயார்ப் படங்கள் கூடவே வந்தன. வேண்டாம் என்றால் கட்டுப்பாட்டுப் பலகத்தில் பயனர் கணக்குகள் பகுதிக்குப் போய்ச் சொந்தப் படத்தைத் தேடி வைக்கலாம். அளவு இங்கும் 48-க்கு 48 புள்ளிதான். கணினியை நிர்வகிக்கும் உரிமை இல்லாத கணக்குக்காரரும் தன் படத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆனால் நிறுவன வலையமைப்பில் சேர்க்கப்பட்ட கணினிகளில் இந்தத் திரையே வராது. பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யும் பழைய பெட்டிதான் வரும். ஆக, படம் அலுவலகத்துக்காக வந்ததல்ல. அப்பா, மகள், தம்பி என ஒரு குடும்பமே ஒரு கணினிக்கு முன்னால் முறைபோட்டு உட்காரும் வீட்டுக்காக வந்தது.

எழுத்துக்குப் பதில் படம் வைப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1951–52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு வாக்குப்பெட்டி வைத்து, அதில் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். படிக்கத் தெரியாதவரும் தனக்கு வேண்டிய பெட்டியைத் தவறாமல் கண்டுகொண்டார். வரவேற்புத் திரையின் படமும் இதே வேலையைச் செய்கிறது. பள்ளிப்பட்டு வட்டத்திலுள்ள பொதட்டூர்பேட்டை போன்ற ஊருக்கு இது நன்றாகவே பொருந்தும். விசைத்தறிகள் ஓடும் இந்த நெசவூர் அமைந்த திருத்தணிப் பகுதி, எல்லைச் சீரமைப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பகுதியில், கணக்கின் பெயரை எந்த எழுத்தில் எழுதியிருந்தாலும் படம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பொதட்டூர்பேட்டை அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், இந்த மாவட்டத்தின் காக்களூரில்தான் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வழியாகக் கணினிகள் வந்தன. பல வீடுகளில் அதுவே முதல் கணினி. மூடியின் மேல் முதல்வரின் படம் இருந்தது. கணினிக்கு உள்ளேயும் எல்லாம் மாணவரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை: விலை குறைந்த கணினிகளுக்கென அந்த ஆண்டுகளில் விற்ற விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில், திரையின் பின்புலப் படத்தை மாற்றும் வசதியையே எடுத்துவிட்டிருந்தார்கள். கணக்குப் படத்தை மட்டும் அதிலும் மாற்றலாம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, தனக்கென்று வந்த பொருளில் தன் முகத்தை வைக்க அந்தச் சின்னச் சதுரம் இடம் கொடுத்தது. அதை அற்பம் என்று ஒதுக்குவது சரியல்ல.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய இயங்குதளம் இது. அதன் க்னோம் என்ற திரைச் சூழலில் பயனரின் படம், அவருடைய கோப்புறையில் '.ஃபேஸ்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும் ஒரு கோப்பு. விண்டோஸோ தன் படத்தைத் தனக்கே உரிய இன்னோரிடத்தில் வைத்திருந்தது. ஒன்றில் மாற்றினால் மற்றொன்றுக்குத் தெரியாது. ஒரே கணினிக்கு இரண்டு வாசல், வாசலுக்கு ஒரு படம்.

படத்தைப் பொருத்துவதில் தொல்லை தருவது அளவு. விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் சதுரம் 128 புள்ளியாக வளர்ந்தது. ஸ்டுடியோவில் எடுக்கும் பாஸ்போர்ட் படமோ 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட நெட்டைப் படம். அதை அப்படியே சதுரத்தில் வைத்தால் ஓரம் வெட்டுப்படும். பெயின்ட் செயலியில் முகத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டி வைப்பதே நல்ல வழி. 2015-இல் வந்த விண்டோஸ் 10 சதுரத்தை வட்டமாக்கியது. அதன்பின் மூலையில் நிற்பவரும் காணாமல் போனார். முகம் நட்டநடுவில் இருந்தாக வேண்டும்.

இதற்கிடையே முதல் பூர்வீகம் இணையத்தில் பெருகியிருந்தது. 2004-இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் தொடங்கிய கிராவட்டார், ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு படம் என்று வைத்து, பல தளங்களிலும் அதையே காட்டியது. பிறகு வந்த வாட்ஸ்அப் படத்தைத் தமிழ்நாட்டில் எல்லோரும் 'டிபி' என்கிறார்கள். கணினிக் கணக்கின் படத்துக்கும் இன்று அந்தப் பெயரே ஒட்டிக்கொள்கிறது. இரண்டு ஓடைகளும் கலந்தது 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8-இல். கணினிக் கணக்கை மைக்ரோசாஃப்ட்டின் இணையக் கணக்கோடு இணைத்தவர் ஒரு கணினியில் வைத்த படம், அவருடைய அடுத்த கணினியிலும் தானாகத் தோன்றியது. அந்த நிறுவனத்தின் அஞ்சலிலும் அதே முகம். வீட்டுக்குள் வாசல் காட்டிய படம் வெளியாருக்கும் தெரியும் படமானது. அதனால் வைக்கும் படத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவைப்பட்டது, பிள்ளைகளின் கணக்கு என்றால் இன்னும் கூடுதலாக. விரும்பாதவர் இணையத்தோடு சேராத உள்ளூர்க் கணக்கு வைத்துக்கொண்டால், படம் அந்தக் கணினியோடு நின்றுவிடும்.

2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்தது. ஆனால் இன்றைய விண்டோஸ் 11 கணினியைப் புதிதாகத் திறப்பவருக்கு ரப்பர் வாத்தும் தவளையும் வருவதில்லை. கண், மூக்கு இல்லாத ஓர் ஆள் உருவம் வட்டத்துக்குள் நிற்கும். அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குப் போய், தன் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோ கேமராவில் அங்கேயே எடுத்தோ வைக்கும்வரை அந்த உருவம் அப்படியே இருக்கும்.